லிட்டருக்கு நாலரை

அந்தோணியம்மாள் வஞ்சிரத்தின் தலையை வெட்டி ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, எதிரே அவள் புருஷன் ஜான் நின்றுகொண்டிருந்தான். மணி பத்து. அந்த நேரத்தில் அவன் அபிராமபுரத்தில், கோதண்டபாணி வீட்டு வாசலில், சிவப்பு வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டினப்பாக்கத்து மீன்கடையில் அவனுக்கு என்ன வேலை?

"இன்னாய்யா, இந்நேரத்துக்கு?"

"சொம்மாத்தான்."

"சொம்மாவா? லீவு வுட்டாங்களா?"

"ம்."

பதினெட்டு வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு, அவனுடைய 'ம்' எத்தனை வகை என்று தெரியாதா, சொல்லுங்கள். இது தொண்டையில் முள் நின்ற 'ம்'. அவள் மேலே கேட்கவில்லை. காத்திருந்த அம்மாளுக்கு மீனைத் துண்டு போட்டுக் கொடுத்தாள். ஜான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்க் கடலைப் பார்த்துக் குந்திக்கொண்டான். ஆனி பிறந்தும் வெயில் இறங்கவில்லை. ஐஸ் உருகி ஓடிய தண்ணீர் அவன் செருப்பை நனைத்தது. அவன் காலை நகர்த்தவில்லை. இத்தனை மீன் வாடைக்கு நடுவிலும் அவன் சட்டையிலிருந்து பெட்ரோல் வாடை தனியாக வந்தது.

விஷயம் அவளுக்கு வேலு வாயால்தான் வந்தது. வேலு அபிராமபுரத்தில் அதே தெரு முனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவன். பதினொரு மணிக்குக் காரப்பொடி மீன் வாங்க வந்தவன், குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, ஜானண்ணன் இங்க வந்துச்சா? மன்சே சரியில்லக்கா எனுக்கு. அந்த ஐயரு இன்னா பேச்சு பேசிட்டாரு தெரியுமா?"

"இன்னா பேசினாரு?"

"கேட்டாண்ட நின்னுக்கினு, ஒரு நோட்டை விரிச்சு வெச்சிக்கினு, தெருவுக்கே கேக்குற மாரி. 'சிங்கப்பூர்ல லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் குடுத்த வண்டி. இங்க வந்த புதுசுல ஏழு. ஏப்ரல்ல இருந்து நாலரை. மீதி எங்கடா போச்சு? ஏப்ரல்லதானே நீ டிவிஎஸ் வாங்கினே? பெட்ரோல் திருடன்'னுட்டாருக்கா. அண்ணன் ஒண்ணும் பேசல. சாவிய ஆணில மாட்டிட்டு நடந்து போயிடுச்சு."

அந்தோணியம்மாள் அடுத்த மீனை வெட்டினாள். கத்தி மீனைத் தாண்டிக் கட்டையில் இறங்கி நின்றது. பிடுங்க முடியவில்லை. இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கினாள்.

அந்த டிவிஎஸ் ஃபிஃப்டி அவளுடையது. அவள் காசு. ஆறு வருஷம் விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, காசிமேட்டு ஏலத்துக்குக் கூடையோடு பஸ் ஏறி, கண்டக்டர்களிடம் "கூடைய மேல தூக்காத, நாறுது" என்று ஏச்சு வாங்கி, அப்புறம் சீட்டுக் கட்டி வாங்கின பழைய வண்டி. இப்போது விடியற்காலையில் ஜான் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் போவான். ஏழு மணிக்கு அவளைக் கடையில் இறக்கிவிட்டு அபிராமபுரத்துக்கு நடந்து போய்விடுவான். அந்த வண்டிக்குத் திருட்டுப் பெட்ரோலாம்.

அந்தச் சிவப்பு வண்டியைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதை புரியாது. கோதண்டபாணி ரிடையரான ஆடிட்டர். அவர் மகன் நிரஞ்சன் சிங்கப்பூரில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தொண்ணூற்றாறு பொங்கலுக்கு ஊர் திரும்பியபோது, கப்பலில் கூடவே கொண்டுவந்த ஜப்பான் வண்டி அது. இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகப் பதுங்கியிருக்கும். நிரஞ்சனுக்கு நம் ஊர்ப் போக்குவரத்து பழகாததால் டிரைவர் வைத்தார்கள். வண்டியில் டிரைவர் உட்கார்ந்தால் மிச்சம் ஓர் இடம்தான். கோதண்டபாணியின் மனைவி ஜலஜா மாமி கபாலி கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோதான். தெருவே சிரித்தது.

அதன் எஞ்சினும் விசித்திரம். எல்லா வண்டியிலும் பிஸ்டன் மேலும் கீழும் குதிக்கும். இதில் பிஸ்டனே கிடையாது. மூன்று மூலை வைத்த ஓர் இரும்புத் துண்டு உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ரோட்டரி என்று பெயர். இருபது வருஷம் அம்பாசடர் ஓட்டிய ஜான், முதல் மாதம் அதைப் பற்றி வீட்டில் பேசின பேச்சு கொஞ்சமா! "அந்தோணி, சத்தமே இல்ல அந்தோணி, தேனீ பறக்குற மாரி கீது." ஒரு பொம்பளையைப் பற்றிப் பேசியிருந்தால் அவள் துடைப்பத்தை எடுத்திருப்பாள். வண்டிதானே என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் நெத்திலிக் குழம்பு வைத்தாள். மாங்காய் போட்டு, அவனுக்குப் பிடித்த மாதிரி. ஜான் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய்க்குப் போகவில்லை.

"ஏன்யா வாயத் தொறக்காம வந்த? 'எடுக்கல'ன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கின்னா?"

"சொன்னா நம்புவாரா? நோட்டுல எழுதி வெச்சிக்கீறாரு. நாலரைதான் குடுக்குது. அது நெசம்தான். நானும்தான் பாக்குறேன்."

"அப்ப பெட்ரோலு எங்க போவுது?"

"தெர்லயே. ஒழுகல. கீழ ஜமுக்காளம் விரிச்சுப் படுத்துப் பாத்துட்டேன். ஒரு சொட்டு இல்ல."

அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் மனுஷிதானே. காலையிலிருந்து சட்டையில் அடித்த அந்த வாடை அவளைக் கேட்க வைத்தது. கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கிக் கேட்டாள்.

"என் தலையில கை வெச்சு சொல்லு. எடுத்தியா?"

ஜான் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கை அவள் தலைக்கு வரவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, வெளியே போய் மணலில் கிடந்த கட்டுமரத்தின் மேல் படுத்துக்கொண்டான். குழம்பு ஆறி மேலே எண்ணெய் படர்ந்தது. அவள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எடுக்கவில்லை என்பது அவன் எழுந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அவளுக்கு வந்த கோபத்தில் பாதி அந்தக் கிழவர் மேல், மீதி தன் மேல். தன் மேல் வந்த கோபத்தையும் சேர்த்து அவர் கணக்கிலேயே போட்டுவிட்டாள். நாமெல்லாம் அப்படித்தானே?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அபிராமபுரத்து கேட்டில் போய் நின்றாள். மீன்கடைப் புடவையையே கட்டியிருந்தாள். வேண்டுமென்றுதான். ஜான் நான்கு அடி பின்னால் நின்றான்.

கோதண்டபாணி ஹிண்டுவை மடித்துக்கொண்டே வந்தார்.

"என்ன ஜான், புத்தி வந்ததா? ஒத்துண்டுடு. போலீசுக்கெல்லாம் நான் போகமாட்டேன்."

"ஐயா, அவுராண்ட பேசாதீங்க. என்னாண்ட பேசுங்க. டிவிஎஸ் என்னுது. என்னா பெட்ரோலு போடறேன், எங்க போடறேன், சாந்தோம் பங்க்ல கேளுங்க. ஆயில் கலந்து ஊத்துறானே, அந்தப் பையனுக்கு என் மூஞ்சி தெரியும்."

"இந்தாம்மா, சத்தம் போடாதே. இது நாலு பேர் இருக்கற தெரு."

"நாலு பேர் கீறாங்கன்னு தெரிஞ்சுதான இங்க நின்னு திருடன்னு சொன்னீங்க? அன்னிக்குத் தெரு எங்க போயிருந்துச்சு? மாம்பலத்துக்கா?"

முனையில் வேலுவின் இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. உள்ளேயிருந்து ஜலஜா மாமியின் குரல் வந்தது: "ஏன்னா, உள்ள வாங்கோளேன், தெருவே பாக்கறது."

நிரஞ்சன் பனியனோடு வெளியே வந்தான். அவன் முகத்தில் தூக்கம் இருந்தது, வெட்கமும் இருந்தது. அந்தோணியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவுரு வேலைக்கி வராம ஆறு நாளாச்சு. ஆறு நாளா வண்டி யாரு ஓட்னது?"

"நான்தான்."

"எத்தினி குடுத்துச்சு?"

நிரஞ்சன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "நாலரைதான். கொஞ்சம் கம்மியாக்கூட."

"கேட்டுக்கினீங்களா ஐயா? ஆறு நாளா யாரு திருடினது? உங்க புள்ளையா?"

"அவன் கன்னாபின்னான்னு ஓட்டறான்," என்றார் கோதண்டபாணி. "காலை எடுக்காம மிதிக்கறான். அதனால குறையறது. இவன் மெதுவா ஓட்டியும் நாலரைன்னா, அது திருட்டுதான்."

சொல்லுங்கள், இதற்கு என்ன பதில் சொல்வது? ஒரே நாலரை. பிள்ளை ஓட்டினால் வேகம், டிரைவர் ஓட்டினால் திருட்டு. அந்தோணியம்மாளுக்குக் காதுக்குள் கொதித்தது. கிழவர் மேல்கூட இல்லை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை மேல்.

"உனுக்குத் தெரியுது இல்ல தம்பி? தெரிஞ்சும் ஏன் முழுங்குற? உங்கப்பா முன்னாடி பேச பயமா? கடலு தாண்டிப் போய் ஏழு வருசம் சம்பாரிச்சியே!"

நிரஞ்சனின் காது சிவந்தது. "ஜான், சாவியை எடு," என்றான். "மந்தைவெளியில ஒருத்தர் இருக்கார்னு சொன்னியே, ரேஸ் வண்டி பாக்கறவர். அவர்கிட்டயே போகலாம்."

"அவாளோட ஆளு, அவாளுக்குத்தான் பேசுவான்," என்றார் கோதண்டபாணி.

"நீங்களும் வாங்கப்பா."

"எனக்கு பூஜை இருக்கு."

சுயம்புலிங்கத்தின் ஷெட் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. தகரக் கூரை, வேப்பமரம், எதிரே டீக்கடை. சுயம்புலிங்கம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் வண்டிகளுக்கு ஸ்பானர் பிடித்த கை. இந்த மாதிரி எஞ்சினை இரண்டு முறை பிரித்துப் பார்த்தவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். யாரிடமும் இனிமையாகப் பேசமாட்டார். வண்டி இரண்டு பேருக்குத்தான் என்பதால் நிரஞ்சனும் ஜானும் அதில் வந்தார்கள். அந்தோணியம்மாள் வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தாள்.

"ஏன் தாயி, நீ எதுக்கு?" என்றார் சுயம்புலிங்கம்.

"பெட்ரோலு எங்க போச்சுன்னு என் கண்ணால பாக்கணும்."

"பாரு. அந்த டயர்ல இரி. தொணதொணங்காத."

நிரஞ்சன் ஒரு சிநேகிதனுக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத்தைத் தேடிப் போனான். சுயம்புலிங்கம் குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார். புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் கண்மை பூசியது போல் கறுத்திருந்தது. பிளக்கைக் கழற்றினார். அதுவும் கறுப்பு, ஈரம்.

"எரியாத பெட்ரோல் போவுது. ஆனா இதுல போறது மட்டும் கணக்குக்குக் காணாதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்தார். வெயிலில் காட்டினார். "ஏம்ப்பா, கடைசியா எப்பம் ஆயில் ஊத்தினே?"

"மாசி மாசம் ஊத்துனேன் சார். அப்பால தேவையே படல. ரெண்டு மாசமா கொஞ்சம்கூடக் கொறையல. நல்ல எஞ்சினு சார்," என்றான் ஜான். இத்தனை நாளில் அவன் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமை.

"நல்ல எஞ்சினா? கோட்டிக்காரா! இந்த எஞ்சின் ஆயில் குடிச்சே ஆவும். அப்படித்தான் செஞ்சிருக்கான். மூணு மூலைக்கும் எண்ணெய் விட்டுக்கிட்டே சுத்தும், கிரைண்டருக்குத் தண்ணி விடுதோம்லா, அந்தக் கணக்கு. மாசாமாசம் கொறையணும். கொறையலன்னா என்ன அர்த்தம்? குடிச்ச எடத்த வேற ஏதோ ரொப்புது. இங்க பாரு, கோட்டுக்கு மேல ஒரு விரக்கடை நிக்கி." குச்சியை அந்தோணியம்மாளின் மூக்குக்கு நேரே நீட்டினார். "நீதான மீன்காரி. மோந்து சொல்லு."

அவள் முகர்ந்தாள். மீன் நேற்றையதா இன்றையதா என்று நாலடி தள்ளி நின்றே சொல்லும் மூக்கு அது.

"பெட்ரோலு!"

"பெட்ரோல்தான். எரியாதது உள்ளயே வடிஞ்சு ஆயிலுக்குள்ள எறங்கிக் கெடக்கு. தெனம் குச்சியத் தொடச்சுப் பாக்கான்லா, ஒம் புருசன் சட்டையில அடிக்கதும் இதுதான்."

அந்தோணியம்மாள் டயரை விட்டு எழுந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "யோவ், திருடன் வண்டிக்குள்ளயே கீறான்யா!" என்று கத்தினாள். டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பொறு தாயி, இன்னும் முடியல. ஏன் இவ்வளவு பெட்ரோல் கேக்குதுன்னு பாக்கணும்லா. ஏம்ப்பா, சூட்டு முள்ளு எங்க நிக்கும்?"

"மேலயே ஏறாது சார். கால்வாசிதான். கத்திரி வெயில்லகூட ஏறல. சின்ன சாரே சொல்வாரு, என்னா கூலா ஓடுதுன்னு."

சுயம்புலிங்கம் ஜானையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஒரு ஸ்பானரை எடுத்து, எஞ்சின் தலைப்பக்கத்தில் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"வால்வு எங்கடே?"

ஜான் கைத்துணியை மடிக்கத் தொடங்கினான்.

"எஞ்சின் சூடாவுற வரைக்கும் தண்ணிய அடைச்சு வைக்கும்லா, தெர்மாஸ்டட் வால்வு. அத எங்க?"

"சித்திரையில கழட்டிட்டேன் சார்," என்றான் ஜான். "அம்பாசடருக்கு வருசாவருசம் கழட்டுவோம். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குன்னு. வண்டி சூடாயிடக் கூடாதுன்னு... இது கண்ணாடி மாரி வண்டி சார். பயந்துட்டேன்."

சுயம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்பாசடர் எருமை. எப்படி வச்சாலும் ஓடும். இது கம்ப்யூட்டர் வச்ச வண்டி. எஞ்சின் குளிர்ந்து கெடக்குன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு பெட்ரோல ஊத்தும். ரெண்டு மாசமா சோக்க இழுத்து விட்டுட்டே ஓட்டியிருக்க, போ! சரி, காலையில எடுத்த ஒடனே அணைப்பியோ?"

"கோலம் போடறதுக்கு. மாமி வாசல் தெளிக்க வண்டிய ரோட்டுக்கு எடுத்து வுடுவேன். வுட்ட ஒடனே பெரிய சார் உள்ளேந்து கத்துவாரு, 'அணைடா, பெட்ரோல் வீணாறது'ன்னு."

"வெளங்கிரும்! குளிர்ந்த எஞ்சின எடுத்து ஒடனே அணைச்சா, ஊத்தின பெட்ரோல் பூரா உள்ளயே நிக்கும். மிச்சம் புடிக்கேன்னு அவர் ஒரு பக்கம், சூடு கொறைக்கேன்னு நீ ஒரு பக்கம். ரெண்டு பேரும் சேந்து ஊத்தியிருக்கிய."

அந்தோணியம்மாள் ஜானைப் பார்த்தாள். ஜான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. திருட்டு இல்லை. ஆனால் காரணத்தில் பாதி இவன் கை.

சுயம்புலிங்கத்துக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்க வேண்டும். பூத் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்தத் தம்பி வரதுக்குள்ள ஒண்ணு சொல்லுதேன். வால்வு தானா கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லிருதேன். கப்பல்ல வந்த வண்டி, உப்புக் காத்து, கெட்டுப்போச்சு. யாரு கேக்கப் போறா? ஒனக்கும் பேரு கெடாது."

என் கண்ணுகளே, அந்த ஒரு நிமிஷம் அந்தோணியம்மாளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அந்தக் கிழவர் வாயடைத்து நிற்பதை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். சரி என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஜான்தான் முந்திக்கொண்டான்.

"வேணா சார். நான் கழட்டுனதுதான். சொல்லிட்றேன்."

"அந்தாளு வுடமாட்டாருய்யா!" என்று அவள் சீறினாள். "பாத்தியா, நீதான் காரணம்னு ஆடுவாரு!"

"ஆடட்டும். செய்யாததுக்கு வாய மூடிக்கினு வந்துட்டேன். செஞ்சதுக்கும் மூடிக்கினா, அப்பறம் எனுக்கு வாய் எதுக்கு?"

நிரஞ்சன் திரும்பி வந்ததும் ஜானே எல்லாவற்றையும் சொன்னான். நிரஞ்சன் ஆயில் குச்சியை முகர்ந்து பார்த்தான், கறுத்த பிளக்கைப் பார்த்தான். புது வால்வு சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க மூன்று வாரம் ஆகும் என்றான்.

"கழட்டுனது வூட்ல கீது சார்," என்றான் ஜான். "பிஸ்கோத்து டப்பால வெச்சிக்கீறேன். நல்ல சாமானத் தூக்கிப் போடுவாங்களா?"

போய் எடுத்துவந்தான். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளை வட்டம். இது இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுயம்புலிங்கம் டீக்கடைக்காரரிடம் ஒரு பழைய பாத்திரம் கேட்டார். தண்ணீர் வைத்து, வால்வைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். நான்கு பேரும் அடுப்பைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். தண்ணீரில் கொப்புளம் வந்தது. வால்வு அசையவில்லை. ஜானின் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. தண்ணீர் கொதிவரப் போகும் நேரத்தில், கொதிதண்ணீரில் மட்டிச் சிப்பி வாயைத் திறக்குமே, அதே மாதிரி வால்வு தன் நடுவாயை மெல்லத் திறந்தது.

"உசுரு கீது," என்றாள் அந்தோணியம்மாள்.

வால்வை மாட்டி, கெட்டுப்போன ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக்கைச் சுத்தம் செய்து அனுப்பினார் சுயம்புலிங்கம். காலையில் எடுத்தவுடன் அணைக்காதே, முள் நடுவுக்கு வந்த பிறகு அணை என்று மூன்று முறை சொன்னார். அடுத்த ஐந்து நாளும் நிரஞ்சனே ஓட்டினான். டேங்கை ரொப்பி, அடையாறு, தி.நகர், திரும்ப வீடு. லிட்டருக்கு ஏழு. ஆறாம் நாள் வேலு மூலம் சொல்லியனுப்பினான்: ஜானை வரச் சொல்லுங்கள் என்று.

ஜானோடு அந்தோணியம்மாளும் போனாள். கோதண்டபாணி அன்று கேட்டுக்கு வரவில்லை. உள்ளே ஹாலில் இருந்தார்.

"வா ஜான். உள்ள வா," என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "நடந்தது நடந்துடுத்து. மனசுல வெச்சுக்காதே. நாளைலேர்ந்து வந்துடு. ஜலஜா, ரெண்டு காபி கொண்டா."

ஜான் செருப்பைக் கழற்றப் போனான். அந்தோணியம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கேட்டுக்கு வெளியே, தெருவில், அன்று அவன் நின்ற இடத்தில் நின்றாள்.

"காபி வேணாங்க ஐயா. அத்த இங்க வந்து சொல்லுங்க."

"எதை?"

"திருடன்னு இங்க நின்னு சொன்னீங்க. இல்லன்னும் இங்க நின்னுதான் சொல்லணும்."

"இந்தாம்மா, வயசானவனை ரோட்டுல நிக்க வெச்சு..."

"உங்க வயசுல முக்கால்வாசி இவுருக்கும் ஆவுது. ரோட்லதான நிக்க வெச்சீங்க!"

"உன் ஆம்படையான்தான்மா வண்டியைக் கெடுத்தான்! கேக்காம கொள்ளாம எவனாவது ஒரு சாமானைக் கழட்டுவானா? அப்போ என் கணக்கு தப்பில்லையே. பெட்ரோல் போனது நிஜம், அவனாலதான் போச்சு!"

இதைச் சொல்லும்போது அவர் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். கோபம் அவரை இழுத்துக்கொண்டு வந்தது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேலு பார்த்தான். எதிர்வீட்டு அம்மாள் காய்கறிக் கூடையோடு நின்றாள்.

"ஆமா," என்றாள் அந்தோணியம்மாள். "கழட்னாரு. தப்புதான். அத்தச் சொல்லுங்க, இன்னும் சத்தமாச் சொல்லுங்க. உண்மைக்கு நான் சண்ட போடமாட்டேன். தெனம் காலையில அணைடா அணைடான்னு கத்துனீங்களே, அது பாதி. அத்தயும் சொல்லுங்க. ஆனா திருடுனாரா? அத்த மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. திருடுனாரா, இல்லியா?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். கணக்கில் ஒரு பைசா இடித்தால் ராத்திரி தூங்காத மனிதர் அவர். அவரால் பொய்யும் சொல்ல முடியவில்லை, அந்த வார்த்தையையும் சொல்ல முடியவில்லை.

"இல்லை," என்று ஒரு குரல் கேட்டது. நிரஞ்சன். அப்பாவைத் தாண்டி வெளியே வந்து, கேட்டைத் திறந்து தெருவில் நின்றான். "ஜான் பெட்ரோல் எடுக்கலை. நாங்க சொன்னது தப்பு. நான் ஓட்டினப்பவே எனக்குத் தெரியும். நான் சொல்லலை. அதுவும் தப்பு." எதிர்வீட்டு அம்மாளுக்குக் கேட்கும்படி சொன்னான்.

கோதண்டபாணி திரும்பி உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

"நாளைக்கு வரியா ஜான்?" என்றான் நிரஞ்சன்.

"யோசிச்சு சொல்றேன் சார். வண்டிய எடுத்த ஒடனே அணைக்காதீங்க."

இருவரும் நடந்தார்கள். வாரன் சாலையைத் தாண்டினார்கள். மந்தைவெளி திருப்பத்தில், ஆறு நாளாக அடக்கி வைத்திருந்தது அந்தோணியம்மாளிடமிருந்து பீறிட்டது.

"யாரைக் கேட்டுய்யா கழட்டுன? அடுத்தவன் வண்டி! இருவது லட்சமோ முப்பது லட்சமோ! கையி சும்மா இருக்காதா உனுக்கு? உன் கொழுப்புக்கு நான் தெருத்தெருவா நின்னு..."

"நீ யாரைக் கேட்டுடி கேட்ட?" என்று ஜான் திரும்பினான். அவன் இத்தனை சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. "அந்தாளு கேட்டான், சரி. அவனுக்கு என்னைத் தெரியாது. நீ கேட்ட. கதவச் சாத்திட்டு, தலையில கை வெக்கச் சொல்லி. பதினெட்டு வருசம்! நீ கேட்ட!"

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊத மறந்தார். அந்தோணியம்மாள் நடு நடைபாதையில் நின்றுவிட்டாள். பதில் சொல்ல அவளுக்கு ஆயிரம் வார்த்தை இருந்தது. சட்டையில் வாடை, நோட்டில் கணக்கு, ஏப்ரல் மாதம். அத்தனையையும் ஒதுக்கினாள்.

"தப்பு," என்றாள். பிறகு இன்னும் உரக்க, பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி: "நான் கேட்டது தப்புய்யா! என் புருசன் எடுக்கல. எடுக்கமாட்டாருன்னு தெரிஞ்சும் கேட்டேன். நான்தான் கேட்டேன்!"

ஜான் பதறிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தான். "ஏய், மெல்லப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்," என்றாள் அந்தோணியம்மாள்.